செய்கூலி

சேர்ப்பவனைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. சேர்த்ததை விற்பவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேர்ப்பதில் ரஸனை, தேடல், பித்து என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கிறது. விற்பது வெறும் லௌகீகம் என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. எனக்கு அப்படிப் படவில்லை. ஒரு தொகுப்பு கலையும்போதுதான் அது என்னவாக இருந்தது என்பதே தெரியவருகிறது. எதை எதிலிருந்து பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது, யாருக்கு, எவ்வளவுக்கு என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிக்க நேரும்போது, சேர்த்தவனே தன்னிடம் கேட்டுக்கொள்ளாத கேள்விகள் எழுகின்றன. இவை விலை பற்றிய கேள்விகள் போலத் தோற்றம் தருகிற ஒழுக்கக் கேள்விகள்.

அம்பத்தூரில் எங்கள் தெருவில் இருந்த ஒருவர் போன வருஷம் காலமானார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 1955 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்தில் ஷ்லீரன் என்ற ஊரின் கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கித் தொடங்கியது என்பதும், அந்த மாதிரிப் பெட்டியின் கடைசி உருப்படி 2018 ஜனவரியில் அங்கிருந்து வெளியேறியது என்பதும் அவர் சொல்லி எனக்குத் தெரிந்தவை. வீட்டு மாடியில் ஓர் அறை முழுக்கப் பொம்மை ரயில்கள். பொம்மை என்றால் கோபம் வரும்; 'மாடல்' என்பார். நான் அவருடைய சிநேகிதன் என்று சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சில தடவை மேலே போய் ரயில் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். காரியங்கள் எல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவர் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பினார். 'தம்பி, நீ பேங்க்ல இருக்கே, விலை நெலவரம் தெரியும். இதையெல்லாம் வித்துக் குடுத்துடு. ரூமை வாடகைக்கு விடணும்' என்றார். வெளிநாட்டிலிருக்கும் மகன் எடைக்குப் போட்டுவிடச் சொல்லிவிட்டான் என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் எதுவும் இல்லை.

மாடியில் இருந்தவற்றை ஒரு மாதிரி வகைப்படுத்திக்கொண்டேன். பெரும்பகுதி ட்ரையாங் ஹார்ன்பி. இங்கிலாந்தில் 1920லிருந்து ரயில் பொம்மை செய்துவந்த ஹார்ன்பி, 1964இல் ட்ரையாங் குழுமத்தின் கைக்கு மாறியது. அதற்குப் பிறகு சில வருஷங்கள் இரண்டு பெயரும் சேர்ந்தே பெட்டிகளில் அச்சாகின. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில், கப்பலில் வேலை செய்தவர்கள் மூலமும் லண்டனிலிருந்து திரும்பியவர்கள் மூலமும் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார். (ஆவடி காங்கிரஸில் சோஷலிஸ பாணி சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டதும் அதே 1955தான். ஒரு வரைபடக்காரன் மூன்று மாதச் சேமிப்பைக் கொடுத்து வெளிநாட்டு எஞ்சின் வாங்குவது அந்தச் சமுதாயத்தில் எங்கே பொருந்துகிறது என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். 'நம்ம செக்ஷன்ல' என்றார்.) இவை தவிர, அலமாரியின் மேல்தட்டில் அட்டைப்பெட்டி கலையாமல் ஒரே ஒரு ஜெர்மன் எஞ்சின்: மார்க்லின் கம்பெனியின் சுவிஸ் 'முதலை'. நீண்ட மூக்கு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருக்கும் மின்சார எஞ்சின். அதை மார்க்லின் 1947 முதல் பல வருஷங்கள் செய்துவந்தது. சுவிட்சர்லாந்தில் பயிற்சிக்குப் போய்வந்த மேலதிகாரி ஒருவர் ஓய்வு பெறும்போது இவருக்குக் கொடுத்தது. இவர் அதை ஒருநாளும் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது. மார்க்லின் வண்டிகளுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் நடுவிலிருக்கும் குமிழ்கள் வழியாக வருகிறது. ட்ரையாங்குக்கு இரண்டு தண்டவாளம் வழியாக. இதன் சக்கரத்தை அதில் வைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

மீதியெல்லாம் அவர் கையால் செய்தவை. கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்வண்டி, அட்டையும் தகரமும் சேர்த்து. 1931இல் ஓட ஆரம்பித்து, 2004இல் பாதையோடு போய்விட்ட வண்டி. ஒன்பது அடி நீளப் பலகையில் அம்பத்தூர் ஸ்டேஷன். மரத்தூளில் புல், ஊதுவத்திக் குச்சியில் வேலி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு 1856 ஜூலையில் போட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அந்தப் பெருமை பலகையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், ஒரு டபிள்யூ.பி. எஞ்சின். குண்டு மூக்கில் நட்சத்திரம் வைத்து, எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்துவந்த அந்தப் பழைய நீராவி எஞ்சினை, 40 வயதுக்குக் கீழே உள்ள வாசகர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். நானும் அப்படித்தான்.

இதை அவர் எப்படிச் செய்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டபிள்யூ.பி.க்கு முன்னால் நாலு சிறிய சக்கரம், நடுவில் ஆறு பெரிய சக்கரம், பின்னால் இரண்டு. ட்ரையாங் செய்த 'பிரின்சஸ் எலிசபெத்' என்ற இங்கிலாந்து எஞ்சினுக்கும் அதே வரிசை. நல்ல நிலையில் இருந்த ஒரு பிரின்சஸை வாங்கி, மேலுடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிப்பாகத்தின் மேல் தகரத்தில் டபிள்யூ.பி.யின் உடம்பை வெட்டி, வளைத்து, பற்றவைத்திருக்கிறார். மூக்கின் குவிவு மட்டும் அவருக்கு எட்டு மாதம் வரவில்லையாம். இதையும் சொல்ல வேண்டும்: அளவுக் கணக்கில் இது முழுப் பொய். நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். 76இல் ஒரு பங்கு என்றால் தண்டவாளங்களுக்கு நடுவே 22 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருப்பது 16.5. ஆகவே அவருடைய டபிள்யூ.பி. குச்சிக்கால்களில் நிற்கிற பயில்வான். வரைபடக்காரருக்கு இது தெரியாதா? தெரியும். இங்கிலாந்துக்காரர்களுக்கே அந்தத் தண்டவாளம் அவர்கள் நாட்டு அளவுக்குப் பொருந்தாது. அவர்களும் அதன் மேல்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். யதார்த்தத்தை அப்படியே பிரதி செய்வதுதான் எழுத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த 16.5 மில்லிமீட்டரை நான் சிபாரிசு செய்வேன்.

பம்பாயிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். விஷயம் தெரிந்தவர், ஏமாற்றுக்காரர் இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். எப்படி அந்தத் தொகைக்கு வந்தார் என்று பிரித்துக் கேட்டேன். பொம்மைகள் மீதான சுங்க வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023இல் 70 ஆன பிறகு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய சரக்குக்குக் கிராக்கி என்று விளக்கினார். தொகையில் ஏறக்குறையப் பாதி அந்த ஒற்றை மார்க்லினுக்கு. மிச்சத்தில் பெட்டியோடு இருந்த ட்ரையாங்குகள் முதலிடம், பெட்டி இல்லாதவை அடுத்து, இவர் தெற்கு ரயில்வே வண்ணம் அடித்தவை அதற்கும் கீழே. கையால் செய்தவற்றுக்கு ஒன்றும் இல்லை. டபிள்யூ.பி.யை மட்டும் தனியாக எடுத்து விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. 'அடிப்பாகம் பிரமாதமாக இருக்கிறது. என்னிடம் பழைய பிரின்சஸ் மேலுடம்பு ஒன்று இருக்கிறது. இந்தத் தகரத்தை எடுத்துவிட்டு மாட்டினால் மூவாயிரத்துக்குப் போகும்' என்றார்.

அவர் சொன்னதில் தர்க்கப் பிழை எதுவும் இல்லை. தொட்டிராத எஞ்சினுக்குப் பாதி விலை. ஓட்டியதற்குக் குறைவு. வண்ணம் மாற்றியதற்கு இன்னும் குறைவு. உயிரைக் கொடுத்துச் செய்ததற்கு, செய்ததை நீக்கினால்தான் விலை. அந்த மனிதருக்கும் பொருளுக்கும் இடையே உறவு எவ்வளவுக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு சேதாரம் என்று சந்தை கணக்கிடுகிறது.

வங்கிக்காரனுக்கு இது புதிதில்லை. நகைக் கடன் கவுண்டரில் தினமும் நடப்பது. அட்டிகையைக் கொண்டுவந்து வைக்கிற பெண்ணுக்கு அது அவள் அம்மா போட்டிருந்தது, மயிலாப்பூரில் ஆர்டர் கொடுத்துச் செய்தது. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, கல் எடை போக, அரக்கு போக, நிகர எடை இவ்வளவு என்று எழுதுவார். வாங்கும்போது பில்லில் தனி வரியாக வருகிற செய்கூலி, அடகு வைக்கும்போதும் விற்கும்போதும் எந்த வரியிலும் வராது. எங்கே போயிற்று அது? யாரும் கேட்பதில்லை. கேட்டால், உருக்கினால் தங்கம்தானே மிஞ்சும் என்பார்கள். உருக்கத்தான் போகிறோம் என்ற முடிவு மதிப்பீட்டுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது என்பதை அந்தப் பதிலில் கவனிக்கலாம். பம்பாய்க்காரர் செய்ததும் அதுதான். அவர் கண்ணில் டபிள்யூ.பி. ஏற்கெனவே உருகிவிட்டது.

ஆனால் சந்தைக்குக் கைவேலையே பிடிக்காது என்று சொல்லிவிட முடியாது. இங்கேதான் நாம் சௌகரியமாக ஏமாந்துபோகிறோம். சுந்தர ராமசாமி பென்ஸிலால் ஓரக்குறிப்பு எழுதிய பிரதி ஒன்று உங்களிடம் இருந்தால் அதன் மதிப்பு கூடும். அதே புத்தகத்தில் நீங்களோ நானோ எழுதியிருந்தால் குறையும். நம் குறிப்பு இன்னும் கூர்மையாக இருந்தாலும் குறையத்தான் செய்யும். சந்தை கழிப்பது கையை அல்ல, பெயரில்லாத கையை. நம்மைப் போன்ற ஏடுகளை நடத்துகிறவர்களும் இதில் நிரபராதிகள் இல்லை. பெயரைப் பார்த்தபிறகுதான் கவிதையைப் படிக்கிறோம். சி.சு. செல்லப்பா 'எழுத்து' வெளியீடுகளைத் தோளில் சுமந்துகொண்டு ஊர் ஊராக அலைந்ததைப் புல்லரிப்போடு பேசுகிற நாம், அப்போது அவரிடம் காசு கொடுத்து வாங்கி, படித்து, கோடு போட்டு, காப்பி சிந்தி வைத்திருந்த வாசகனைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அவன் செத்தபின் அந்தப் பிரதிகள் பழைய பேப்பர் கடைக்குப் போகும்போது, கறை படியாத இதழ்களை மட்டும் பொறுக்கி எடுக்க நாம் முதலில் போய் நிற்கிறோம்.

முழுசாக விற்பதா, பிரித்து விற்பதா என்பது அடுத்த பிரச்னை. முழுமை புனிதமானது என்றொரு எண்ணம் நமக்கு இருக்கிறது. அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, வாழ்நாளெல்லாம் சேர்த்தது புத்தகமும் ஏடுகளும் துண்டுக் காகிதமுமாக ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படி. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கியும் அங்கே தூக்கிக்கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகமாயிற்று. இன்று தரமணியில் இருக்கும் அந்த நூலகம் ஆரம்ப வருஷங்களில் இருந்தது எங்களுக்குப் பக்கத்தில், முகப்பேரில். அந்தத் தொகுப்பைப் பிரித்து விற்றிருந்தால் சில அபூர்வ முதற்பதிப்புகளுக்கு நல்ல விலை கிடைத்திருக்கலாம். நாடக நோட்டீஸும் கல்யாணப் பத்திரிகையும் குப்பைக்குப் போயிருக்கும். ஒற்றை நோட்டீஸ் வெறும் காகிதம். பத்தாயிரம் சேர்ந்தால் ஒரு காலத்தின் பேச்சு. அங்கே அர்த்தம் பொருளில் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில் இருந்தது. பிரித்திருந்தால் அது அழிவு.

இதற்கு நேர் எதிர்த் திசையில் நின்றவர் எட்மண்ட் த கோன்கூர். 18ஆம் நூற்றாண்டுச் சித்திரங்களும் ஜப்பானியக் கலைப்பொருள்களும் நிறைந்த தன் சேகரத்தை எந்த மியூஸியக் கல்லறைக்கும் அனுப்பக் கூடாது, ஏலத்தில் கலைத்துவிட வேண்டும் என்று உயில் எழுதினார். ஒவ்வொன்றையும் வாங்கும்போது தனக்குக் கிடைத்த சந்தோஷம் தன்னைப் போன்ற ரஸனையுள்ள இன்னொருவனுக்கும் கிடைக்கட்டும் என்பது அவர் வாதம். 1896இல் இறந்தார், மறுவருஷம் ஏலம் நடந்தது. பணம் அவர் பெயரால் இன்றும் பரிசு வழங்கும் எழுத்தாளர் சங்கத்துக்கு அஸ்திவாரமாயிற்று. நான் கோன்கூரின் கட்சி, ரயில் விஷயத்தில் மட்டும். ட்ரையாங் எஞ்சின் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்டது. எங்கள் தெருக்காரரிடம் அவை பக்கத்துப் பக்கத்தில் நின்றதற்கு அவருடைய ஆசையைத் தவிர வேறு காரணம் இல்லை. ஆசைக்கு வாரிசு இல்லாதபோது வரிசைக்கு என்ன பிடிமானம்? நியூயார்க்கில் ஜெர்னி தொகுப்பு என்று ஒன்று, பல்லாயிரம் ரயில் பொம்மைகள். 2014இல் அங்குள்ள வரலாற்றுச் சங்கத்துக்குப் போயிற்று. கோடீஸ்வரத் தொகுப்புக்கு அது சரி. அம்பத்தூர் மாடி அறைக்கு யார் வருவார்கள்?

பெஞ்சமின் 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது பற்றி எழுதியபோது, சொந்தக்காரனை இழந்ததும் சேகரிப்பு அர்த்தமிழந்துபோகிறது என்ற முடிவுக்கு வருகிறார். பொதுச் சேகரிப்பு சமூகத்துக்கு உபயோகமாக இருக்கலாம், ஆனால் பொருளுக்குரிய நியாயம் தனிமனிதனிடம்தான் கிடைக்கிறது என்கிறார். எனக்கு இதில் பாதிதான் சம்மதம். இழந்தது அர்த்தம் முழுவதும் அல்ல. அவருடைய நோட்டு ஒன்று இருக்கிறது. எந்த எஞ்சின் எந்தத் தேதியில் யாரிடமிருந்து எவ்வளவுக்கு வந்தது, எப்போது கார்பன் பிரஷ் மாற்றியது, எப்போது எண்ணெய் விட்டது என்று நாற்பது வருஷத்துக் கணக்கு. வரிசை அந்த நோட்டில் பத்திரமாகவே இருக்கிறது. பொருள்கள் போனாலும் தொகுப்பைப் படிக்கலாம். பெஞ்சமினுக்கு இந்த மாதிரிப் பேரேட்டு ஆசாமியைத் தெரிந்திருக்காது.

மியூஸியத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகம் எங்கள் பாதையிலேயே இருக்கிறது. புனேயில் ஜோஷி என்பவர் 1998இல் திறந்த மினியேச்சர் ரயில்வே அருங்காட்சியகமும் உண்டு. யோசனை உன்னதமானதுதான். ஆனால் அந்த உன்னதத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள்? அந்த அம்மாள். அவருக்கு முட்டியில் வைத்தியம் நடந்துகொண்டிருக்கிறது. குடும்பப் பென்ஷனில் மருந்து போக மிஞ்சுவது கொஞ்சம். நான் இடைத்தரகன். இடைத்தரகனுக்கு அழகியல் இருக்கலாம். அதற்கான செலவை விதவையின் பையிலிருந்து எடுக்க அவனுக்கு உரிமை இல்லை. ஓட்டுகிற பையன்களுக்கு மலிவாகக் கொடுக்கலாம் என்ற என்னுடைய பிரியமான திட்டத்தையும் இதே காரணத்துக்காகவே விட்டேன். விலை உள்ளவற்றை, விலையின் உச்சத்தில், அதிகம் தருகிறவனுக்கு விற்பதுதான் இங்கே ஒழுக்கம். மார்க்லின் முதலையைப் பெட்டி கலையாமல் ஒருவன் வாங்கி, அவனும் பெட்டி கலைக்காமல் வைத்துக்கொள்வான். வைத்துக்கொள்ளட்டும். அதற்காக வருத்தப்பட எனக்கு எதுவும் இல்லை.

ஆக, மிச்சம் நின்றது விலையில்லாதவை. விலையுள்ளதற்கு மாற்று வைக்கலாம், மாற்று வைக்க முடியாததற்கு இருப்பது கண்ணியம் என்று கான்ட் 1785இல் பிரித்தார். கண்ணியத்தை அவர் மனிதனுக்கு மட்டும் ஒதுக்கினார், தகரத்துக்குத் தரவில்லை. நானும் தரச் சொல்லவில்லை. பலகை அம்பத்தூர் மாடிப்படியில் இறங்காது. அதை மூன்றாக அறுத்துத்தான் இறக்கினோம். ஸ்டேஷன் இருந்த துண்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாங்கிக்கொண்டார்கள். மற்ற இரண்டும் வெந்நீர் அடுப்புக்கு. மீட்டர் கேஜ் வண்டியை அம்மாள் தானே வைத்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் அந்த வண்டியில் தாம்பரம் போய்வருவார்களாம். நோட்டையும் கொடுக்க மறுத்துவிட்டார். வியாபாரி அதற்குத் தனியாகப் பணம் தருவதாகச் சொன்னார். நோட்டோடு சேர்ந்தால் சரக்கு விலை போகுமாம். பின்பக்கங்களில் பால் கணக்கு இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம்.

டபிள்யூ.பி.யை அப்படிப் பிரித்துப்போட விடலாமா? விற்ற பிறகு வாங்கியவன் என்ன செய்கிறான் என்பதில் நமக்குப் பாத்தியதை இல்லை, அது சரி. ஆனால் எந்தப் பெயரில் விற்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. வியாபாரி தயாரித்த பட்டியலில் அது 'பிரின்சஸ், சேதமடைந்தது' என்று இருந்தது. விமர்சனம் என்பது வேறென்ன? ஒரு பொருள் எதன் குறைபட்ட வடிவம் என்பதிலிருந்து தொடங்காமல், அது எதுவாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவது. பாரதியின் வசன கவிதையைச் சேதமடைந்த செய்யுள் என்று வாசித்த பண்டிதர்களோடு நாம் சண்டை போட்டது இதற்காகத்தானே? வியாபாரியின் வரியை அடித்துவிட்டு எழுதினேன்: 'டபிள்யூ.பி., தகரம், கையால் செய்தது, அடிப்பாகம் ட்ரையாங், ஓடும்.' இந்தப் பெயரில் யாரும் வாங்க மாட்டார்கள் என்றார் அவர். அம்மாளிடம் விஷயத்தை இரண்டு விதமாகவும் சொன்னேன்: தகரத்தை எடுத்தால் நிச்சயம் மூவாயிரம், எடுக்காவிட்டால் போகலாம், போகாமலும் இருக்கலாம்.

'பழைய பொம்மை எவ்வளவுன்னு சொன்னாரு?'

'மூவாயிரம்.'

கொஞ்ச நேரம் யோசித்தார். 'மூவாயிரத்து முந்நூறுன்னு போடு தம்பி' என்றார். போட்டேன்.